டிஸ்மிஸ் உத்தரவு வந்து ஐந்து வாரம் ஆகிவிட்டது, என்ன செய்வது?

கேள்வி: என் கணவர் 2011-ல் குரூப் 4 தேர்வு எழுதி வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தவர். 2023 ஜூனில் அவருடைய அண்ணன் தொப்பூர் கணவாயில் நடந்த லாரி விபத்தில் இறந்துவிட்டார். அதற்குப் பிறகு இவர் ஆளே மாறிப்போனார். தூக்கமில்லை, யாரிடமும் பேச்சில்லை. ஜூலை முதல் வேலைக்குப் போகவில்லை. அலுவலகத்துக்கு அருகே குடியிருந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, ஓசூரில் என் தம்பி வீட்டில் வைத்துப் பெங்களூரு நிமான்ஸ் மனநல மருத்துவமனையில் காட்டி வந்தோம். 30 நாள் மருத்துவ விடுப்பு கேட்டு ஒரு விண்ணப்பம் தபாலில் அனுப்பியதோடு சரி, பிறகு எதுவும் எழுதவில்லை. 2025 ஜனவரியில் தேறி, உடற்தகுதிச் சான்றுடன் பணியில் சேரப் போனார். “மேலிடத்து உத்தரவு வேண்டும்” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மனுவின் நகலில் தபால் பிரிவு முத்திரை மட்டும் வைத்துக் கொடுத்தார்கள். இப்போது பாலக்கோட்டில் உள்ள எங்கள் சொந்த வீட்டுக்குப் பணியறவு (டிஸ்மிஸ்) உத்தரவு வந்திருக்கிறது. வந்து ஐந்து வாரமாகிறது. 2024 பிப்ரவரியில் 17(பி) என்ற குற்றச்சாட்டுக் குறிப்பாணை அனுப்பியதாகவும், அது திரும்பி வந்ததால் பழைய வாடகை வீட்டுக் கதவில் ஒட்டியதாகவும், 2025 மார்ச்சில் விசாரணையை ஒருதலையாக முடித்ததாகவும் அதில் இருக்கிறது. 2017-ல் ஓர் ஊதிய உயர்வு நிறுத்தப்பட்டதையும் எழுதியிருக்கிறார்கள். நேராக ஹைகோர்ட்டுக்குப் போகலாமா? வேலை திரும்பக் கிடைக்குமா, சம்பள பாக்கி வருமா? ஒருவர் பழைய தேதியில் மருத்துவச் சான்று வாங்கித் தருகிறேன் என்கிறார். இன்னொருவர் ராஜினாமா எழுதிக் கொடுக்கச் சொல்கிறார். வேலை கிடைத்தாலும் அதே அலுவலகத்துக்குத்தான் போக வேண்டுமா என்று கணவர் பயப்படுகிறார்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பாலக்கோடு

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் என்னை அவசரப்படுத்துவது அந்த ஐந்து வாரக் கணக்குதான். தமிழ்நாடு குடிமைப் பணிகள் (ஒழுங்கு மற்றும் மேல்முறையீடு) விதிகளின்படி, உத்தரவு கைக்கு வந்த நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் மேல்முறையீடு செய்தாக வேண்டும். மூன்று வாரத்துக்குச் சற்று மேலாகத்தான் மீதமிருக்கிறது. தக்க காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்க மேல்முறையீட்டு அலுவலருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் வேலைக்கு வரவில்லை என்பதற்காக நீக்கப்பட்டவர் மேல்முறையீட்டுக்கும் நாள் தப்பி வந்தால், கோப்பைப் பிரிக்கும்போதே அந்த அலுவலரின் முகம் எப்படிப் போகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

நேராக ஹைகோர்ட்டுக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இயற்கை நீதி, அதாவது தன் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்ற நெறி, மீறப்பட்டிருந்தால், மேல்முறையீடு செய்யாமலே ரிட் மனுவை (அரசு உத்தரவை எதிர்த்து நேரே ஹைகோர்ட்டில் போடும் மனு) நீதிமன்றம் ஏற்கலாம். நடைமுறையில் “விதியில் வழி இருக்கும்போது அங்கே போய்விட்டு வாருங்கள்” என்று திருப்பி அனுப்பப்படும் வாய்ப்பே அதிகம். அதற்குள் உங்கள் இரண்டு மாதம் ஓடிப்போயிருக்கும். இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. ஹைகோர்ட் பொதுவாகச் சாட்சியங்களை மறுபடி எடைபோடாது. விசாரணை முறையாக நடந்ததா, தண்டனை மனச்சாட்சியை உலுக்கும் அளவுக்கு மிகையா என்றுதான் பார்க்கும். மேல்முறையீட்டு அலுவலர் அப்படியில்லை. உண்மை விவரங்களையும் பார்க்கலாம், இரக்கமும் காட்டலாம், தண்டனையைக் குறைக்கவும் செய்யலாம். அந்த வாசலைத் தட்டாமல் விடுவது புத்திசாலித்தனமல்ல.

மேல்முறையீட்டை யாருக்கு எழுதுவது என்பது பெரும்பாலும் உத்தரவின் கடைசிப் பத்தியிலேயே இருக்கும். உத்தரவிட்ட அலுவலகத்தின் வழியாக ஒன்றை அனுப்பிவிட்டு, முன்நகல் ஒன்றை மேல்முறையீட்டு அலுவலருக்கு நேரடியாகவும் அனுப்புங்கள். பதிவுத் தபாலை 2025 செப்டம்பர் 1 முதல் விரைவுத் தபாலோடு இணைத்துவிட்டார்கள். அதனால் விரைவுத் தபாலில் ஒப்புகையோடு அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். எழுத உட்காருவதற்கு முன்பு, 2011-ல் கொடுத்த நியமன ஆணையையும் இப்போது வந்த உத்தரவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கையெழுத்திட்ட அலுவலரின் பதவியைப் பாருங்கள். அரசியலமைப்பின் 311(1) பிரிவின்படி, நியமித்தவருக்குக் கீழ்நிலையில் உள்ளவர் பணியறவு செய்ய முடியாது. அபூர்வமாக நடக்கும் தவறுதான். ஆனால் நடந்திருந்தால் மற்ற வாதங்கள் எதுவும் தேவைப்படாது.

இனி உங்கள் வழக்கின் உயிர் எங்கே இருக்கிறது என்று சொல்கிறேன். குறிப்பாணை உங்கள் கணவரிடம் வந்து சேரவே இல்லை என்பதில் இருக்கிறது.

தபால் திரும்பி வந்தால் அந்த உறையின் மேல் தபால்காரர் ஏதாவது எழுதியிருப்பார். “வாங்க மறுத்தார்” என்று இருந்தால் சட்டம் அதைச் சார்பு செய்யப்பட்டதாகவே (உரியவரிடம் சேர்ந்துவிட்டதாகவே) கொள்ளும். “விலாசதாரர் இல்லை”, “வீடு பூட்டியிருக்கிறது”, “வீட்டைக் காலி செய்துவிட்டார்” என்று இருந்தால் கதை வேறு. தினாநாத் சாந்தாராம் கரேகர் வழக்கில் 1998-ல் உச்ச நீதிமன்றம் இதையே சொன்னது. ஆள் கிடைக்கவில்லை என்று திரும்பிய குற்றச்சாட்டுக் குறிப்பாணையைச் சார்பு செய்ததாகக் கொள்ள முடியாது என்றும், நேரில் சேர்ப்பிக்க முயற்சி எடுக்காமல் பத்திரிகையில் அறிவிப்பு வெளியிட்டுவிட்டுக் கைகழுவ முடியாது என்றும் அது கூறியது. ஆகவே அந்த உறையின் முன்பக்கமும் பின்பக்கமும் உங்களுக்கு வேண்டும். விசாரணைக் கோப்பின் நகல்களைக் கேட்டு உங்கள் கணவர் இன்றே ஒரு மனு கொடுக்கட்டும். கூடவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பமும் போடுங்கள். அதற்கு 30 நாள் அவகாசம் இருப்பதால் பதில் வரும்வரை மேல்முறையீட்டை நிறுத்தி வைக்காதீர்கள். “நகல்கள் கிடைத்ததும் கூடுதல் காரணங்களைத் தாக்கல் செய்வேன்” என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

கதவில் ஒட்டியதற்கு ஒரு குறிப்பு எழுதியிருப்பார்கள். அதில் தேதி இருக்கிறதா, சாட்சிக் கையெழுத்து யாருடையது, கிராம நிர்வாக அலுவலரா, அக்கம்பக்கத்தாரா என்று பாருங்கள். ஒட்டிய நாளில் அந்த வீட்டில் வேறு யாராவது குடியிருந்திருந்தால், வீட்டு உரிமையாளரிடம் ஒரு வாக்குமூலம் வாங்குங்கள். எரிவாயு இணைப்பையோ ரேஷன் அட்டையையோ 2023-ல் மாற்றியிருந்தால், அந்தத் தாளும் பேசும்.

அந்த 30 நாள் விடுப்பு விண்ணப்பத்தை நினைவுபடுத்திப் பாருங்கள். படிவத்தில் விடுப்புக் கால முகவரிக்கு ஒரு கட்டம் உண்டு. பெரும்பாலானோர் வேண்டாவெறுப்பாக நிரப்பும் கட்டம் அது. அதில் ஓசூர் முகவரியை எழுதியிருந்தால், குறிப்பாணை முதலில் போயிருக்க வேண்டிய இடம் ஓசூர்தான். எழுதாமல் விட்டிருந்தாலும் முழுக்கக் கெட்டுப்போகவில்லை. பணிப் பதிவேட்டில் பாலக்கோடு முகவரி நிலையான முகவரியாக இருக்கும். பணியறவு உத்தரவு அந்த முகவரிக்குத்தானே வந்தது? தண்டனை உத்தரவுக்குத் தெரிந்த வழி குற்றச்சாட்டுக் குறிப்பாணைக்குத் தெரியாமல் போனது எப்படி என்று மேல்முறையீட்டில் கேளுங்கள். இதற்குப் பதில் சொல்வது அவர்களுக்குக் கஷ்டம்.

அடுத்தது அந்தத் தபால் பிரிவு முத்திரை. 2025 ஜனவரியில் உங்கள் கணவர் அலுவலகத்துக்கே போய், பணியில் சேர வந்திருக்கிறேன் என்று எழுதிக் கொடுத்து, தேதி முத்திரையும் வாங்கியிருக்கிறார். விசாரணை ஒருதலையாக முடிந்தது மார்ச்சில். கண் முன்னால் வந்து நின்றவரிடம் குறிப்பாணையைக் கையில் கொடுத்து ஒப்புதல் வாங்க ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. அதைச் செய்யாமல் திருப்பி அனுப்பிவிட்டு, இரண்டு மாதம் கழித்து “ஆஜராகவில்லை” என்று எழுதுவது எந்த நீதிமன்றத்திலும் எளிதில் நிற்காது. அந்த நகலை லேமினேட் செய்துவிடாதீர்கள், முத்திரை மங்கும். இரண்டு மூன்று ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு மூலத்தைத் தனியாக வைத்திருங்கள். ஜனவரிக்குப் பிறகு வராமலிருந்தது உங்கள் கணவர் குற்றமல்ல என்பதையும் அந்த ஒரு தாளே சொல்லிவிடும்.

ஊழியர் ஆஜராகாமல் போனாலும் குற்றம் நிரூபணமாகிவிட்டதாக விசாரணை அலுவலர் தாமாக எடுத்துக்கொண்டுவிட முடியாது. வருகைப் பதிவேட்டை ஒரு சாட்சி மூலம் ஆதாரமாகப் பதிவு செய்து, ஆதாரம் பார்த்துத்தான் முடிவெழுத வேண்டும். 2010-ல் சரோஜ் குமார் சின்ஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. பணியறவுக்கு முன்பு விசாரணை அறிக்கையின் நகலைக் கொடுத்து விளக்கம் கேட்டார்களா என்பதை நீங்கள் எழுதவில்லை. கேட்கவில்லை என்றால் 1993-ல் வந்த கருணாகர் தீர்ப்பு உங்கள் பக்கம். ஆனால் அறிக்கை கிடைக்காததால் என்ன பாதகம் நேர்ந்தது என்றும் காட்ட வேண்டும் என்று அதே தீர்ப்பு சொல்கிறது. உங்கள் வழக்கில் அது கடினமல்ல: அறிக்கை கையில் கிடைத்திருந்தால் நிமான்ஸ் சீட்டுகளை அப்போதே காட்டியிருப்பீர்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் நடைமுறை. இந்தக் காரணங்களில் மட்டும் ஜெயித்தால், “மறுபடி முறையாக விசாரியுங்கள்” என்றுதான் வரும். வேலையை நிலையாகத் திரும்பப் பெற, குற்றச்சாட்டின் உள்ளுக்குள் போக வேண்டும்.

வரவில்லை என்பது வேறு, வேண்டுமென்றே வரவில்லை என்பது வேறு. கிருஷ்ணகாந்த் பர்மார் வழக்கில் 2012-ல் உச்ச நீதிமன்றம் இந்த இரண்டையும் பிரித்தது. அவர் உளவுத்துறை ஊழியர். விடுப்பு பெறாமல் வராமலிருந்தால் அது அனுமதியற்ற வராமைதான். ஆனால் நோய், விபத்து, மருத்துவமனையில் கிடக்க நேர்வது என்று மனிதன் கைமீறிய காரணங்கள் இருக்கலாம், அப்போது அதைக் கடமை தவறியதாகக் கொள்ள முடியாது. வேண்டுமென்றே வரவில்லை என்பதை நிரூபிக்க வேண்டியது நிர்வாகம், அந்த முடிவு இல்லாவிட்டால் ஒழுங்கீனம் இல்லை என்று நீதிமன்றம் சொன்னது. ஆகவே உங்களுக்கு வந்த உத்தரவை ஒருமுறை பொறுமையாகப் படியுங்கள். வேண்டுமென்றே வரவில்லை என்று எங்காவது காரணத்தோடு எழுதியிருக்கிறதா? நான் பார்த்த இத்தகைய உத்தரவுகளில் பல, நாள் கணக்கைக் கூட்டிக் காட்டிவிட்டு நேரே தண்டனைக்குத் தாவிவிடுகின்றன.

இது நேற்று முளைத்த சட்டமல்ல. விடுப்பு முடிந்தும் திரும்பாத ஜோத்பூர் மத்திய சிறை வார்டர் ஒருவரை, தானாகவே வேலையை இழந்தார் என்று நீக்கியதை ஜெய் சங்கர் வழக்கில் 1960-களிலேயே உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. வாய்ப்புக் கொடுக்காமல் அப்படிச் செய்வது 311-வது பிரிவுக்கு விரோதம் என்றது.

ஆனால் உங்களுக்குக் கசப்பான பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஒன்றரை ஆண்டு, ஒரே ஒரு விண்ணப்பம். அரசு வழக்குரைஞர் எழுந்ததும் கேட்கப் போகும் கேள்வி, “அவரால்தான் முடியவில்லை, மனைவி ஒரு கடிதம் எழுதக் கூடாதா?” என்பதாக இருக்கும். உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் பதிலைத் தயாராக வைத்திருங்கள், மேல்முறையீட்டிலேயே எழுதியும் விடுங்கள். வீட்டில் ஒரு சாவு, இரண்டு குடும்பம் பார்க்க வேண்டிய நிலை, விடுப்பை நீட்டிக்க வேண்டும் என்பதே தெரியாதது, எது உண்மையோ அதை. விடுப்பு பெறாமல் அடிக்கடி மட்டம் போடுவது வேலையில் அக்கறையின்மையைக் காட்டும் என்று டெல்லி போக்குவரத்துக் கழகத்தின் சர்தார் சிங் வழக்கில் 2004-ல் உச்ச நீதிமன்றம் பணிநீக்கங்களை உறுதி செய்திருக்கிறது. காவல்துறை போன்ற சீருடைப் பணிகளில் நீதிமன்றங்கள் இன்னும் கண்டிப்பு. அவர்களிடமிருந்து உங்கள் கணவரை வேறுபடுத்திக் காட்டுவது மருத்துவமனைக் காகிதங்கள்தான்.

நிமான்ஸில் அவருடைய பதிவு எண் இருக்கும். அதைக் கொண்டு போய், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை சிகிச்சை, என்ன நோய், என்ன மருந்து என்று சிகிச்சைச் சுருக்கம் கேளுங்கள். சிகிச்சை அளித்த மருத்துவரிடம் இன்னும் ஒன்று கேளுங்கள்: அந்த நிலையில் இருப்பவர் வேலைக்குப் போகவும், விடுப்பு எழுதி நடைமுறைகளைக் கவனிக்கவும் முடிந்திருக்குமா என்று. அவர் தம் மனத்தில் படுவதை எழுதட்டும், நீங்கள் வாசகம் சொல்லித் தராதீர்கள். தேவையானால் மருத்துவக் குழுவின் முன் பரிசோதனைக்கு உட்படத் தயார் என்று மேல்முறையீட்டில் நீங்களாகவே சொல்லிவிடுங்கள். ஒளிக்க ஒன்றுமில்லை என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் இல்லை.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ன் 20-வது பிரிவு, பணியில் இருக்கும்போது குறைபாடு ஏற்பட்டவரை வேலையிலிருந்து அகற்றக் கூடாது என்கிறது. பார்த்த வேலைக்குப் பொருந்தாவிட்டால், அதே சம்பளத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும். மனநோயும் அந்தச் சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது. மனநோயால் பள்ளிக்கு வராமல் நீக்கப்பட்ட குஜராத் ஆரம்பப் பள்ளி ஆசிரியை கீதாபென் படேலுக்கு, இதற்கு முந்தைய 1995 சட்டத்தின் கீழ் 2013-ல் உச்ச நீதிமன்றம் பரிகாரம் அளித்தது. 2021 டிசம்பரில் ரவீந்தர் குமார் தாரிவால் வழக்கில், மனநலக் குறைபாடு உள்ளவர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுப்பதே மறைமுகப் பாகுபாடாகலாம் என்றும் கூறியது. அது வராமை வழக்கல்ல, மத்திய ரிசர்வ் போலீஸ் அதிகாரி ஒருவருடையது. இவற்றை எழுதுங்கள். ஆனால் இதை மட்டும் நம்பிக் கப்பலை ஓட்ட வேண்டாம். சில மாதம் வாட்டிவிட்டுத் தேறிய மனச்சோர்வு, சட்டம் சொல்லும் நீண்டகாலக் குறைபாடாகுமா என்று எதிர்த்தரப்பு கட்டாயம் கேட்கும். உங்கள் கணவர் தேறிவிட்டார் என்பது வீட்டுக்கு நல்ல செய்தி, இந்த ஒரு வாதத்துக்கு மட்டும் கொஞ்சம் இடைஞ்சல். அதனால்தான் பர்மார் தீர்ப்பை முன்னால் வையுங்கள் என்கிறேன்.

பழைய தேதியிட்ட சான்று வாங்கித் தருகிறேன் என்ற மனிதரை இனி வீட்டுப் பக்கம் விடாதீர்கள். உண்மையான நிமான்ஸ் காகிதம் கையில் இருப்பவர்களுக்கு இந்தப் பொய் எதற்கு? மருத்துவமனையின் பதிவேட்டைக் கேட்டு எழுதினால் ஒரே வாரத்தில் குட்டு வெளிப்படும். பிறகு உண்மையான சீட்டையும் யாரும் நம்ப மாட்டார்கள், குற்ற வழக்கும் சேரும். ராஜினாமா யோசனையும் வேண்டாம். பணியறவு செய்யப்பட்டவரிடம் ராஜினாமா செய்ய வேலையே இல்லை. அப்படி எழுதினால் தவறை ஒப்புக்கொண்டதாக மட்டும் படிக்கப்படும். பழைய ஓய்வூதிய விதிகளில் பணியறவு பெற்றவருக்குக் கருணைப்படி கேட்க ஒரு வழி உண்டு. உங்கள் கணவர் 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு சேர்ந்தவர், பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் சேர்க்கப்பட்டவர். அந்த வழியை அவருக்கு யாராவது காட்டினால் நம்ப வேண்டாம்.

2017 ஊதிய உயர்வு நிறுத்தம் குறிப்பாணையில் இடம்பெறாமல், நேரே தண்டனை உத்தரவில் முளைத்திருந்தால் அதையும் தாக்குங்கள். பழைய தண்டனையைக் கணக்கில் எடுப்பதாக இருந்தால் ஊழியருக்குச் சொல்லிவிட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று மஞ்சே கவுடா வழக்கில் 1963-64 காலத்திலேயே தீர்ந்துபோன விஷயம் இது.

எதை எதிர்பார்க்கலாம்? என் கணிப்பில், மேல்முறையீட்டிலோ ஹைகோர்ட்டிலோ இந்த உத்தரவு இப்படியே நிற்பது கடினம். தண்டனையைக் கட்டாய ஓய்வாகவோ, ஊதிய உயர்வு நிறுத்தமாகவோ குறைக்கலாம். அல்லது உத்தரவை ரத்து செய்து புதிதாக விசாரிக்கச் சொல்லலாம். இரண்டாவது நடந்தால், விசாரணை முடியும்வரை தற்காலிகப் பணிநீக்கத்தில் இருப்பதாகக் கருதிப் பிழைப்பூதியம் (சம்பளத்தில் ஒரு பகுதி) கொடுப்பார்கள். சம்பள பாக்கியில் பெரிய நம்பிக்கை வைக்காதீர்கள். வராத பதினெட்டு மாதத்துக்குச் சம்பளம் கிடைப்பது அரிது. அதைச் சம்பளமில்லா அசாதாரண விடுப்பாக முறைப்படுத்தினாலே பணிமுறிவு தப்பும், அதுவே பெரிது. 2025 ஜனவரிக்குப் பிறகான காலத்துக்குச் சம்பளம் கேட்பதில் நியாயம் இருக்கிறது, முத்திரையிட்ட நகலை வைத்து அதை விடாமல் கேளுங்கள்.

மேல்முறையீட்டுக்கு மாதக்கணக்கில் பதில் வராவிட்டால், குறித்த காலத்துக்குள் முடிவெடுக்கச் சொல்லி ரிட் மனு போடலாம். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டும் சென்னை அமர்வின் எல்லையில் வருபவை, மதுரைக்குப் போக வேண்டியதில்லை. அரசு ஊழியர் வழக்குகளுக்கென்று மாநில நிர்வாகத் தீர்ப்பாயம் இருந்த காலம் போய்விட்டது, இப்போது எல்லாம் ஹைகோர்ட்தான். ரிட்டுக்கு நாள் கெடு எழுதப்படவில்லை என்று சும்மா இருந்துவிடவும் கூடாது. 1982-ல் வேலை போய், பதினெட்டு ஆண்டு கழித்து மனுக் கொடுத்து, அதற்கு வந்த பதிலை வைத்து வழக்குப் போட்ட சி. ஜேக்கப் என்பவரை 2008-ல் உச்ச நீதிமன்றம் வெறுங்கையோடு அனுப்பியது. செத்துப்போன கோரிக்கைக்குப் பதில் எழுதியதால் அது உயிர் பெற்றுவிடாது என்றார்கள்.

செலவைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. இரண்டு ஆண்டாகச் சம்பளமில்லாத வீட்டின் நிலை தெரியாததல்ல. சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-வது பிரிவின்படி பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்குரைஞர் கிடைப்பார். மற்றவர்களுக்கு வருமான உச்சவரம்பு உண்டு, சம்பளம் நின்றுபோன உங்கள் கணவர் அதற்குள் வரக்கூடும். தருமபுரி நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், அல்லது 15100 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். மேல்முறையீட்டில் கையெழுத்து மட்டும் உங்கள் கணவர் போட வேண்டும். அவருக்காக நீங்கள் போட்டு அனுப்பிவிடாதீர்கள்.

அதே அலுவலகத்துக்குத்தான் போக வேண்டுமா என்ற அவர் பயம் புரிகிறது. எங்கே பணியமர்த்துவது என்பது நிர்வாகத்தின் விருப்பம். ஆனால் உடல்நலக் காரணம் காட்டி வேறு தாலுகா கேட்டு மனுக் கொடுக்கத் தடையில்லை. மேல்முறையீட்டில் அதைக் கலக்க வேண்டாம், பணியில் சேரும் அன்று தனி மனுவாகக் கொடுங்கள். பாலக்கோட்டிலோ பக்கத்திலோ காலியிடம் இருந்தால் இடத்தின் பெயரைக் குறிப்பிட்டே கேட்கலாம்.